பழைய மானிட்டர், புதிய கம்ப்யூட்டர்: இணைப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்கள். பழைய கம்ப்யூட்டருடன் வந்த மானிட்டர் துணி சுற்றிப் பரணில் இருக்கிறது. அதையே பயன்படுத்தலாம் என்று இறக்கித் துடைத்து வைத்தால், அதன் கேபிள் முனையைச் சொருகப் புதிய கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் இடமே இல்லை. கடையில் கேட்டால், "அது பழைய மாடல். இதில் வேலை செய்யாது. புது மானிட்டர் வாங்கி விடுங்கள்" என்கிறார்கள்.

இது பாதிதான் உண்மை. கேபிளை நேரடியாகச் சொருக முடியாது என்பது சரி. ஆனால் மானிட்டர் நல்ல நிலையில் இருந்தால், பெரும்பாலும் சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு சிறிய கருவியே போதும். சரியான கருவியை வாங்க வேண்டும், சரியாக இணைக்க வேண்டும், அதன் பின் விண்டோஸில் இரண்டு மூன்று மாற்றங்கள் செய்ய வேண்டும். இந்தக் கட்டுரையில் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இப்போது இந்தக் கேள்வி அதிகமாக எழ ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 10 சிஸ்டத்திற்கான இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக முடித்துக் கொண்டது. பல பழைய கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளைப் பெற்றிருக்கவில்லை. எனவே பலர் சி.பி.யு. பெட்டியை மட்டும் புதிதாக வாங்குகின்றனர். மானிட்டருக்கு விண்டோஸ் பதிப்பு எதுவாக இருந்தாலும் கவலை இல்லை. அதற்குத் தேவை புரிகிற சிக்னல் மட்டுமே.

ஏன் இடம் இல்லாமல் போனது?

பழைய மானிட்டர்களில் இருக்கும் நீல நிற முனைக்கு வி.ஜி.ஏ. என்று பெயர். 1987ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் தன் பி.எஸ்.2 வகைக் கம்ப்யூட்டர்களுடன் இதனை அறிமுகப்படுத்தியது. இது அனலாக் வகை. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களும் மூன்று தனித்தனி வயர்களில் மின்னழுத்தமாகச் செல்கின்றன. அழுத்தம் பூஜ்யம் என்றால் அந்த நிறம் இல்லை. சுமார் 0.7 வோல்ட் என்றால் அந்த நிறம் முழு அளவில் இருக்கிறது.

பின்னர் வந்தவை டிஜிட்டல் வகைகள். 1999ல் டி.வி.ஐ., 2002 டிசம்பரில் எச்.டி.எம்.ஐ., 2006ல் டிஸ்பிளே போர்ட் என வரிசையாக வந்தன. இவற்றில் படம் எண்களாகச் செல்கிறது.

முள் தராசையும் எண் காட்டும் டிஜிட்டல் தராசையும் நினைத்துக் கொள்ளுங்கள். ஒன்றில் முள் எவ்வளவு சாய்கிறது என்று பார்க்கிறோம். மற்றொன்றில் எண்ணைப் படிக்கிறோம். இரண்டும் எடையைத்தான் சொல்கின்றன, சொல்லும் விதம் வேறு. முள்ளை மட்டுமே பார்த்துப் பழகியவரிடம் எண்ணைக் கொடுத்தால், நடுவில் ஒருவர் மாற்றிச் சொல்ல வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் கன்வர்ட்டர். கடைகளில் இதையே அடாப்டர் என்றும் சொல்வார்கள்.

2010 டிசம்பரில் இன்டெல், ஏ.எம்.டி., டெல், லெனோவோ, சாம்சங், எல்.ஜி. ஆகிய நிறுவனங்கள் அனலாக் இணைப்பைப் படிப்படியாகக் கைவிடப் போவதாகக் கூட்டாக அறிவித்தன. இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் 2015ஐ இலக்காக வைத்தன. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிய போது, லேப்டாப்களில் இந்த நீல நிற இடம் சாதாரணமாக இருந்தது. இன்று கடையில் வாங்கும் புதிய லேப்டாப்களில் அதைக் காண்பது அரிது.

கச்சிராயபாளையத்தில் நடந்தது

கல்வராயன் மலை அடிவாரத்தில், கோமுகி அணைக்குப் பக்கத்தில் இருக்கும் கச்சிராயபாளையம் என் சித்தப்பாவின் ஊர். ஊரில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால் சுற்றிலும் கரும்புதான். சித்தப்பாவும் கரும்பு விவசாயிதான். அவருடைய மகள், என் தங்கை, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் கம்ப்யூட்டர் ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வுக்குப் படிக்கிறாள். டைப்பிஸ்ட் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு அந்தச் சான்றிதழ் முக்கியம். பயிற்சி நிலையத்தில் கிடைப்பது ஒரு மணி நேரம்தான். வீட்டில் பழகினால்தான் கை வேகம் வரும் என்று, கரும்புப் பணத்தில் ஒரு சி.பி.யு. மட்டும் வாங்கினார். மானிட்டருக்கு, வீட்டில் இருந்த 17 அங்குலச் சதுர எல்.சி.டி. போதும் என்பது அவர் கணக்கு.

கேபிள் பொருந்தவில்லை. கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறிச் சென்று ஒரு கடையில் "கன்வர்ட்டர்" கேட்டு வாங்கி வந்தார். அதுவும் பொருந்தவில்லை. மறுபடியும் சென்ற போது, "இந்த மானிட்டர் இனிமே ஆகாதுண்ணே" என்று சொல்லியிருக்கிறார்கள். நான் ஊருக்குப் போயிருந்த போது சி.பி.யு. அட்டைப் பெட்டிக்குள் இருந்தது.

"அடுத்த கரும்புப் பணம் வரட்டும்பா, அப்ப டி.வி. பொட்டி வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன்" என்றார் சித்தப்பா. தங்கை ஒன்றும் சொல்லவில்லை. தேர்வு அதற்கு முன்பே வந்து விடும்.

அவர் வாங்கி வந்த கன்வர்ட்டரை வாங்கிப் பார்த்தேன். அதன் மேல் 'வி.ஜி.ஏ. டு எச்.டி.எம்.ஐ.' என்று அச்சிட்டிருந்தது. வேண்டியது 'எச்.டி.எம்.ஐ. டு வி.ஜி.ஏ.'. இரண்டும் கேட்பதற்கு ஒன்று போல இருக்கும். ஆனால் வேலை நேர் எதிர். மானிட்டரில் எந்தக் குறையும் இல்லை.

பஸ்ஸில் போய் வர வேண்டிய ஊரில் இருப்பவர்களுக்குத் தவறான கருவி என்றால் ஒரு நாள் வீண். வெள்ளிமலையிலிருந்து மலைப்பாதையில் இறங்கி வர வேண்டியவருக்கு இன்னும் சிரமம். எனவே கடைக்குப் போகும் முன்பே வீட்டில் செய்ய வேண்டியவற்றை முதலில் பார்க்கலாம்.

முதல் வேலை: மானிட்டர் உயிரோடு இருக்கிறதா?

இதற்குக் கம்ப்யூட்டரே தேவையில்லை.

1. மானிட்டரின் பவர் கேபிளை மட்டும் பிளக்கில் சொருகவும். சில மானிட்டர்களுக்கு லேப்டாப் சார்ஜர் போன்ற தனி அடாப்டர் இருக்கும். அது இல்லையென்றால் மானிட்டரின் பின்புறம் அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளைக் குறித்துக் கொள்ளவும். அதே வோல்ட் அளவுள்ள, ஆம்பியர் அதற்குக் குறையாத அடாப்டரைத்தான் பயன்படுத்த வேண்டும்.

2. பவர் பட்டனை அழுத்தவும்.

3. 'நோ சிக்னல்', 'செக் கேபிள்' போன்ற எழுத்துக்கள் சில விநாடிகள் தெரிந்தால் மானிட்டர் நன்றாக இருக்கிறது. சிக்னல் வராததால் பின்னர் திரை தானாக அணைந்து விடும். அது கோளாறு அல்ல.

எழுத்து மிக மங்கலாகத் தெரிந்தாலோ, தெரிந்த உடனே அணைந்து அணைந்து எரிந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ அந்த மானிட்டருக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

இரண்டாவது வேலை: பின்பக்கத்தைப் படித்தல்

மானிட்டரில் என்ன இருக்கிறது, கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று இரண்டையும் பார்க்க வேண்டும். அடையாளங்கள் இவை:

வி.ஜி.ஏ.: பெரும்பாலும் நீல நிறம். மூன்று வரிசையில் 15 துளைகள். இரு பக்கமும் திருகு. கேபிள் முனையில் 14 பின்கள்தான் இருக்கின்றன என்று பயப்பட வேண்டாம். பல கேபிள்களில் 9ஆவது பின் இருக்காது. அது உடைந்து போனதல்ல.

டி.வி.ஐ.: பெரும்பாலும் வெள்ளை நிறம். வி.ஜி.ஏ.வை விடப் பெரியது. சிறு சதுரத் துளைகள் மூன்று வரிசை, ஓரத்தில் தட்டையான ஒரு நீளத் துளை. அந்த நீளத் துளையைச் சுற்றி நான்கு தனித் துளைகள் இருந்தால் அதில் அனலாக் சிக்னலும் உண்டு. இல்லையென்றால் டிஜிட்டல் மட்டும்.

எச்.டி.எம்.ஐ.: திருகு இல்லை. தட்டையாக, கீழ்ப்பக்க மூலைகள் இரண்டும் உள்வாங்கி இருக்கும். வீட்டு டி.வி.யில் செட்டாப் பாக்ஸ் இணைக்கும் இடமும் இதுதான்.

டிஸ்பிளே போர்ட்: எச்.டி.எம்.ஐ. போலவே தோன்றும். ஆனால் ஒரு மூலை மட்டும் வெட்டப்பட்டிருக்கும். இதன் கேபிளில் சிறு அழுத்தி இருந்தால், அதை அழுத்திக் கொண்டுதான் வெளியே எடுக்க வேண்டும். இழுத்தால் உடையும்.

யு.எஸ்.பி. டைப்-சி: இன்றைய மொபைல் சார்ஜர் முனை. எல்லா டைப்-சி இடத்திலும் படம் வராது. விலை குறைந்த பல லேப்டாப்களில் இது தகவல் பரிமாற்றத்திற்கும் சார்ஜ் செய்வதற்கும் மட்டுமே. பக்கத்தில் டிஸ்பிளே போர்ட் சின்னமோ மின்னல் சின்னமோ இருந்தால் படம் வரும். சின்னம் இல்லையென்றால் லேப்டாப்புடன் வந்த கையேட்டைப் பார்த்து உறுதி செய்து கொள்ளவும்.

இரண்டின் பின்பக்கத்தையும் மொபைலில் போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள். கடையில் விளக்கிச் சொல்வதை விடப் போட்டோவைக் காட்டுவது எளிது.

எதற்கு எது வாங்க வேண்டும்?

கம்ப்யூட்டரில் எச்.டி.எம்.ஐ., மானிட்டரில் வி.ஜி.ஏ.: இதுதான் அதிகம் பேருக்கு வரும் நிலை. 'எச்.டி.எம்.ஐ. டு வி.ஜி.ஏ.' கன்வர்ட்டர் வேண்டும். இதன் ஒரு முனை கம்ப்யூட்டரில் நுழையும் எச்.டி.எம்.ஐ. 'மேல்' முனை. மறுமுனை, மானிட்டரின் பழைய நீலக் கேபிளை ஏற்கும் 'ஃபீமேல்' முனை. உள்ளே எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் சிறு சிப் இருக்கும். சிப் இல்லாத வெறும் கேபிள் இந்த வேலையைச் செய்யாது. 

கம்ப்யூட்டரில் எச்.டி.எம்.ஐ., மானிட்டரில் டி.வி.ஐ.: இரண்டும் டிஜிட்டல். எனவே கன்வர்ட்டர் தேவையில்லை. 'எச்.டி.எம்.ஐ. - டி.வி.ஐ.' சாதாரண கேபிள் போதும். உங்கள் மானிட்டரில் வி.ஜி.ஏ., டி.வி.ஐ. இரண்டும் இருந்தால் டி.வி.ஐ. வழியையே தேர்ந்தெடுங்கள். எழுத்துக்கள் கூர்மையாகத் தெரியும்.

கம்ப்யூட்டரில் டிஸ்பிளே போர்ட், மானிட்டரில் வி.ஜி.ஏ.: 'டிஸ்பிளே போர்ட் டு வி.ஜி.ஏ.' கன்வர்ட்டர்.

லேப்டாப்பில் படம் தரும் டைப்-சி மட்டும்: 'டைப்-சி டு வி.ஜி.ஏ.' கன்வர்ட்டர்.

கம்ப்யூட்டரில் நான்கு தனித் துளைகள் உள்ள டி.வி.ஐ., மானிட்டரில் வி.ஜி.ஏ.: சிப் இல்லாத சிறு இணைப்பானே போதும். அனலாக் சிக்னல் ஏற்கெனவே அங்கு இருக்கிறது.

நினைவில் வைக்க ஒரே விதி: பெயரில் 'டு' என்பதற்கு முன்னால் இருப்பது கம்ப்யூட்டர் பக்கம், பின்னால் இருப்பது மானிட்டர் பக்கம். சித்தப்பாவிடம் முதலில் கொடுக்கப்பட்ட 'வி.ஜி.ஏ. டு எச்.டி.எம்.ஐ.' பழைய கம்ப்யூட்டரைப் புதிய டி.வி.யில் இணைக்க உதவும். திருப்பிப் பிடித்து மாட்டினாலும் அது எதிர்த் திசையில் வேலை செய்யாது.

ஒலியையும் கவனியுங்கள். வி.ஜி.ஏ. கேபிளில் ஒலி செல்லாது. ஸ்பீக்கரைக் கம்ப்யூட்டரின் ஆடியோ துளையிலேயே இணைக்கலாம். அந்தத் துளை இல்லாத கம்ப்யூட்டர் என்றால், பக்கவாட்டில் ஆடியோ துளை உள்ள கன்வர்ட்டராகக் கேட்டு வாங்கவும்.

இணைக்கும் முறை

1. கம்ப்யூட்டர், மானிட்டர் இரண்டையும் ஆஃப் செய்திடவும்.

2. நீலக் கேபிளை மானிட்டரில் நேராகச் சொருகித் திருகுகளைக் கையால் இறுக்கவும். பின் வளைந்திருந்தால் பலவந்தமாகத் தள்ளக் கூடாது.

3. கேபிளின் மறுமுனையைக் கன்வர்ட்டரில் சொருகவும். கன்வர்ட்டரைக் கம்ப்யூட்டரில் சொருகவும். கேபிள் கனமாக இருக்கும். அதன் எடை முழுவதும் கன்வர்ட்டரில் தொங்காதபடி மேஜையின் மேல் தாங்கல் கொடுக்கவும்.

4. சி.பி.யு.வில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால், படம் தரும் இடங்கள் இரண்டு இடத்தில் இருக்கும். மேலே மதர்போர்டில் ஒன்று, கீழே கார்டில் ஒன்று. கார்டில் உள்ளதில் சொருக வேண்டும். சில பிராசஸர்களில் கிராபிக்ஸ் வசதியே இருக்காது. இன்டெல் பிராசஸரின் பெயர் 'எஃப்' எழுத்தில் முடிந்தால் அது இந்த வகை. அப்போது மதர்போர்டில் உள்ள எச்.டி.எம்.ஐ. இடத்தில் எவ்வளவு முயன்றாலும் படம் வராது.

5. முதலில் மானிட்டரை ஆன் செய்து, பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்திடவும். ஆன் ஆனதும் கம்ப்யூட்டர் மானிட்டரிடம் "உன் அளவு என்ன?" என்று கேபிள் வழியாகக் கேட்டுத் தெரிந்து கொள்ளும். மானிட்டர் தரும் இந்தச் சிறு தகவல் தொகுப்பிற்கு இ.டி.ஐ.டி. என்று பெயர்.

6. மானிட்டரில் இரண்டு வகை இணைப்புகள் இருந்தால், அதன் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பட்டனை அழுத்தி 'அனலாக்', 'டி-சப்', 'வி.ஜி.ஏ.' என்பவற்றில் எது இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கவும்.

விண்டோஸில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

படம் வந்து விட்டது என்று இத்துடன் நிறுத்தி விடாதீர்கள். பழைய மானிட்டரைப் பற்றிய குறைகளில் பெரும்பாலானவை, "எழுத்து மங்கல், கண் வலிக்கிறது" என்பவைதான். அதற்குக் காரணம் பெரும்பாலும் தவறான ரெசல்யூஷன்.

எல்.சி.டி. திரையில் புள்ளிகளின் எண்ணிக்கை தொழிற்சாலையிலேயே நிர்ணயிக்கப்பட்டது. கம்ப்யூட்டரும் அதே எண்ணிக்கையில் படம் அனுப்பினால்தான் எழுத்து தெளிவாக இருக்கும். வழக்கமான அளவுகள் இவை:

15 அங்குலம், சதுர வடிவம்: 1024 × 768
17 மற்றும் 19 அங்குலம், சதுர வடிவம்: 1280 × 1024
18.5 அங்குலம், அகல வடிவம்: 1366 × 768
19 அங்குலம், அகல வடிவம்: 1440 × 900
20 அங்குலம், அகல வடிவம்: 1600 × 900
22 அங்குலம், அகல வடிவம்: 1680 × 1050

டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்பிளே செட்டிங்ஸ்' தேர்ந்தெடுக்கவும். 'டிஸ்பிளே ரெசல்யூஷன்' பட்டியலில் உங்கள் மானிட்டருக்குரிய அளவைக் கிளிக் செய்திடவும். 'கீப் சேஞ்சஸ்' கேட்கும். திரை சரியாக இருந்தால் சம்மதம் தரவும். படம் மறைந்து விட்டால் எதையும் தொடாமல் காத்திருங்கள். 15 விநாடிகளில் பழைய அளவுக்கே திரும்பி விடும்.

அடுத்து, 'அட்வான்ஸ்டு டிஸ்பிளே' பகுதியில் ரெஃப்ரெஷ் ரேட் 60 ஹெர்ட்ஸ் என்று வைக்கவும். 'ஸ்கேல்' 100 சதவீதம் போதும். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் ரெசல்யூஷனைக் குறைக்காமல் ஸ்கேலை 125 ஆக்கவும்.

கடைசியாக, எழுத்துக்கள் நிறைந்த வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுக்கத் திறந்து வைத்து, மானிட்டரில் உள்ள 'ஆட்டோ' பட்டனை அழுத்தவும். அனலாக் சிக்னலில் ஒவ்வொரு புள்ளியும் எங்கு தொடங்குகிறது என்பதை மானிட்டர் தானே ஊகிக்க வேண்டும். இந்தப் பட்டன் அதைத் திருத்திக் கொடுக்கும்.

தங்கையின் கம்ப்யூட்டரில் இதைத்தான் செய்தேன். சரியான கன்வர்ட்டரை மாட்டியதும் படம் 1024 × 768 அளவில் வந்தது. எழுத்துக்கள் சற்று இழுத்தது போலவும் ஓரம் கலங்கியும் இருந்தன. 1280 × 1024க்கு மாற்றி 'ஆட்டோ' பட்டனை அழுத்தியதும் எக்ஸெல் கட்டங்கள் ஒவ்வொன்றும் கோடு கோடாகத் தெளிவாயின. டைப்பிங் பயிற்சிக்கு இந்தச் சதுரத் திரை வசதியும் கூட. அகலத் திரையை விட உயரம் அதிகம் என்பதால் வேர்டில் கூடுதல் வரிகள் தெரியும். அன்று மாலையே அவள் பயிற்சியைத் தொடங்கி விட்டாள். புதிய மானிட்டருக்கு என்று சித்தப்பா நினைத்திருந்த பணம் தேர்வுக் கட்டணத்திற்கும் புத்தகத்திற்கும் போக, மீதி இருந்தது.

பிரச்னைகளும் தீர்வுகளும்

'நோ சிக்னல்' போகவில்லை: கன்வர்ட்டரின் திசையைச் சரி பாருங்கள். பிறகு மானிட்டரின் இன்புட் தேர்வு. பிறகு கம்ப்யூட்டரில் சொருகிய இடம். கன்வர்ட்டருக்கு எச்.டி.எம்.ஐ. துளையிலிருந்தே 5 வோல்ட் மின்சாரம் கிடைக்கும். சிலவற்றுக்கு அது போதாது. கன்வர்ட்டரில் சிறு யு.எஸ்.பி. துளை இருந்தால் அதற்குத் தனியாக மின் இணைப்புக் கொடுத்துப் பாருங்கள். படம் விட்டு விட்டு வந்தாலும் இதுதான் தீர்வு.

'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று வருகிறது: மானிட்டரால் காட்ட முடியாத அளவைக் கம்ப்யூட்டர் அனுப்புகிறது. வீட்டு டி.வி.யை எச்.டி.எம்.ஐ. வழியாக இணைத்து, ரெசல்யூஷனை 1024 × 768, 60 ஹெர்ட்ஸ் என்று குறைத்து விட்டு மானிட்டரை மாட்டவும். லேப்டாப் என்றால் அதன் திரையிலேயே இதைச் செய்யலாம்.

சரியான ரெசல்யூஷன் பட்டியலில் இல்லை: இ.டி.ஐ.டி. தகவல் வந்து சேரவில்லை. வேறு வி.ஜி.ஏ. கேபிளில் முயலவும். பிறகும் இல்லையென்றால் 'அட்வான்ஸ்டு டிஸ்பிளே' பகுதியில் 'டிஸ்பிளே அடாப்டர் பிராப்பர்ட்டீஸ்' திறந்து, 'லிஸ்ட் ஆல் மோட்ஸ்' கிளிக் செய்து தேடிப் பார்க்கவும்.

திரை முழுக்க மஞ்சளாக அல்லது இளஞ்சிவப்பாகத் தெரிகிறது: மூன்று நிற வயர்களில் ஒன்று தொடர்பு விட்டிருக்கிறது. கேபிளைக் கழற்றி, வளைந்த பின் இருக்கிறதா என்று பார்த்து, மீண்டும் இறுக்கவும்.

படம் ஒரு பக்கம் தள்ளித் தெரிகிறது: 'ஆட்டோ' பட்டனை அழுத்தவும்.

கன்வர்ட்டர் மாட்டியதும் ஒலி நின்று விட்டது: விண்டோஸ், ஒலியையும் கன்வர்ட்டருக்கு அனுப்புகிறது. டாஸ்க் பாரில் ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்து பழைய ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கவும்.

சினிமா தளங்களில் மட்டும் கறுப்புத் திரை: சில வீடியோ சேவைகள் நகல் பாதுகாப்பு உள்ள இணைப்பை எதிர்பார்க்கும். வி.ஜி.ஏ. வழியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. இதற்கு வீட்டில் தீர்வு இல்லை. மற்ற வேலைகளுக்குத் தடையில்லை.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸ் கீயை அழுத்திக் கொண்டு 'பி' கீயை அழுத்தினால் நான்கு தேர்வுகள் வரும். 'பிசி ஸ்கிரீன் ஒன்லி' என்றால் லேப்டாப் திரை மட்டும். 'டூப்ளிகேட்' என்றால் இரண்டிலும் ஒரே படம். 'எக்ஸ்டெண்ட்' என்றால் இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய மேஜை போல. 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' என்றால் வெளி மானிட்டர் மட்டும்.

பாடத்தை ஒரு திரையில் வைத்து, மற்றொன்றில் டைப் செய்ய 'எக்ஸ்டெண்ட்' ஏற்றது. லேப்டாப் திரை உடைந்திருந்தால் அதையும் தூக்கிப் போட வேண்டாம். பழைய மானிட்டரை இணைத்து 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' வைத்தால் அதுவே ஒரு டெஸ்க்டாப் ஆகி விடும்.

பெட்டி போன்ற பழைய மானிட்டர் என்றால்?

பின்பக்கம் நீண்ட, கனமான டியூப் மானிட்டர்களையும் இதே கன்வர்ட்டர் கொண்டு இணைக்கலாம். 60 ஹெர்ட்ஸில் இவை கண்ணுக்குத் துடிப்பது போல இருக்கும். பட்டியலில் 75 அல்லது 85 ஹெர்ட்ஸ் இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கவும். ஆனால் இவை எல்.சி.டி.யை விட இரண்டு மடங்குக்கு மேல் மின்சாரம் எடுக்கும். தற்காலிகமாகப் பயன்படுத்தலாம், தினமும் பல மணி நேரம் பயன்படுத்த ஏற்றதல்ல.

எச்சரிக்கை: டியூப் மானிட்டரின் மூடியை எந்தக் காரணத்திற்கும் திறக்காதீர்கள். உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் உருவாகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கக் கூடும்.

வேலை செய்யாத டியூப் மானிட்டரைக் குப்பையில் போடவோ உடைக்கவோ வேண்டாம். அதன் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள் வழியாகவே இவற்றை அகற்ற வேண்டும்.

கடைக்குக் கிளம்பும் முன்

* மானிட்டர் தனியாக ஆன் ஆகி 'நோ சிக்னல்' காட்டுகிறதா?
* மானிட்டரின் பின்பக்கப் போட்டோ எடுத்தாயிற்றா?
* கம்ப்யூட்டரின் பின்பக்கப் போட்டோ எடுத்தாயிற்றா?
* வாங்க வேண்டியதன் பெயர், கம்ப்யூட்டர் பக்கம் முதலில், மானிட்டர் பக்கம் பிறகு என்று தாளில் எழுதியாயிற்றா?
* கன்வர்ட்டரில் ஆடியோ துளை வேண்டுமா?
* மானிட்டரின் நீலக் கேபிளைப் பையில் எடுத்துக் கொண்டீர்களா? கடையிலேயே கன்வர்ட்டரில் சொருகிப் பார்த்து விடலாம்.
* பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று கேட்டு, பில் வாங்கிக் கொள்ளுங்கள்.

இந்த ஏழும் சரியாக இருந்தால், ஒரே பயணத்தில் வேலை முடிந்து விடும். பரணில் உள்ள மானிட்டரை இந்த வாரமே இறக்கிப் பாருங்கள்.